இருபத்தொரு வெட்டு: திருச்சியிலிருந்து முட்டம் வரை மணலோடு ஐந்து நாள்

முதல் நாள்: திருச்சி

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். கோடை விடுமுறைக்கு அவளைக் கன்னியாகுமரி வரை கூட்டிப்போவதாகப் போன வருடமே சொல்லியிருந்தேன். கிளம்புவதற்கு முன், காலை ஆறரை மணிக்கு, இருவரும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கினோம். மே மாதக் காவிரி. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல்தான் தண்ணீர் திறப்பார்கள். அதுவரை ஆற்றில் பாதிக்குமேல் மணல்தான். தண்ணீர் ஓர் ஓரமாக, முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஈர மணலை அள்ளி விரல் இடுக்கில் வழியவிட்டுக்கொண்டே கேட்டாள். "சித்தி, ஒரே ஒரு மணலை எடுத்து உடைச்சுக்கிட்டே போனா கடைசில என்ன வரும்?"

இந்தப் பயணம் முழுக்க அந்தக் கேள்வியின் பின்னால்தான் போனோம்.

என் பையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை மணலைத் தூவி அவளிடம் கொடுத்தேன். கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரிந்தது லென்ஸுக்குக் கீழே கலவையாகப் பிரிந்தது. கற்கண்டு உடைத்துப் போட்டது போலக் கண்ணாடித் துண்டுகள்தான் அதிகம். அவை குவார்ட்ஸ். நடுநடுவே பால் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருப்பவை ஃபெல்ஸ்பார். தகடு தகடாக மின்னுவதைப் பார்த்ததும் "தங்கம்!" என்றாள். அது காக்காய்ப்பொன், மைக்கா.

மூன்றும் ஒரே பாறையிலிருந்து பிரிந்து வந்தவையாக இருக்கலாம். ஃபெல்ஸ்பாரைத் தண்ணீர் மெல்ல மெல்லத் தின்றுவிடும். அது கரைந்து உருமாறிக் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் அப்படி மசியாது. உருண்டு, உரசி, முனை மழுங்கி, மணலாகவே கிடக்கும். வயலில் இருக்கும் களியும் ஆற்றில் இருக்கும் மணலும் ஒரு தாய்ப்பாறையின் பிள்ளைகள் என்று சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கேள்வியை விடவில்லை. "சரி, அந்தக் கண்ணாடித் துண்டை உடைச்சா?"

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செய்தித்தாளில் ஒரு நாடாவை வெட்டிக் கொடுத்தேன். அளவுகோல் வைத்துச் சரியாக 25.6 செ.மீ. நீளம். கத்திரிக்கோலால் பாதியாக வெட்டச் சொன்னேன். ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு மற்றதை மறுபடி பாதியாக. 128 மில்லிமீட்டர், 64, 32, 16, 8, 4, 2, 1. ஒன்பதாவது வெட்டுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு கத்திரியின் நுனியைப் பிடித்தாள். அரை மில்லிமீட்டர் சீவல் விழுந்தது. காலையில் எடுத்து வந்த மணலில் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்.

"ஒன்பது வெட்டில் மணலுக்கு வந்துட்டோம். இங்கிருந்து இன்னும் எத்தனை வெட்டினா அணு வரும், சொல்லு?"

"ஆயிரம்? லட்சம்?"

இருபத்தொன்று. அவள் நம்பவில்லை. கால்குலேட்டரை அவள் கையிலேயே கொடுத்தேன். அரை மில்லிமீட்டரை இரண்டால் வகுத்துக்கொண்டே போனாள். பதினொன்றாவது வெட்டில் ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண நுண்ணோக்கியின் எல்லை வந்துவிடுகிறது. அடுத்த வெட்டில் வைரஸ் அளவு. இருபத்தொன்றாவதில் ஒரு மில்லிமீட்டரின் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. குவார்ட்ஸுக்குள் அணுக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் இடைவெளி ஏறக்குறைய அதுதான். விரலில் எண்ணிவிடக்கூடிய தொலைவு. கை, கால் விரல்கள் இருபதையும் எண்ணிவிட்டு, இன்னொரு விரலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள்: ரயிலிலும் திருச்செந்தூரிலும்

திருநெல்வேலி வரை ஒரு ரயில், அங்கிருந்து திருச்செந்தூருக்கு இன்னொன்று. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர். வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாத அளவுக்கு இருந்தது. வழியைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ரயிலில் அவள் கேட்டது மட்டும் இங்கே இருக்கட்டும்.

"யாரும் பார்க்காம அணு இருக்குன்னு எப்படிச் சொன்னாங்க?"

நல்ல கேள்வி. பெரியவர்களே இதில் நூறு ஆண்டுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். 1900 வாக்கில்கூட அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனை, அவ்வளவுதான் என்று சொன்ன பெரிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். ராபர்ட் பிரவுன் 1827-ல், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் துகள் அப்படித் துள்ளுகிறது என்றால் எவ்வளவு தூரம் துள்ள வேண்டும் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். பிறகு 1908-ல் ழான் பெரின் மரப்பிசினை நுண்ணிய உருண்டைகளாக்கித் தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றும் எங்கே எங்கே நகர்கிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். கணக்கு பொருந்தியது. அதற்குப் பிறகு மறுப்பதற்கு யாருக்கும் இடமில்லை. 1926-ல் பெரினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூட்டத்துக்கு நடுவே நிற்கும் கோயில் யானையை மதில்மேலிருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள், கூட்டம் தெரியாவிட்டாலும் யானை ஒதுங்கி ஒதுங்கி நகர்வதை வைத்துக் கூட்டம் இருப்பது தெரியும் அல்லவா என்றேன். "யானையை யாரும் இடிக்க மாட்டாங்க சித்தி," என்றாள். இன்னும் நல்ல உவமை தேட வேண்டும்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டுக் கடலில் கால் நனைத்தோம். அலை திரும்பிப்போன ஈர மணலில் நடந்தவள் சட்டென்று நின்றாள். "சித்தி, மிதிச்சா மணல் காயுது!"

உண்மைதான். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் வெளுத்துக் காய்ந்தது போலாகிறது. காலை எடுத்தால் அந்த இடம் மறுபடி நனைந்து பளபளக்கிறது. அழுத்தினால் தண்ணீர் மேலேதானே பிதுங்கிவர வேண்டும்? இங்கே உள்ளே போகிறது. ஆயிரம் முறை கடற்கரையில் நடந்த நான் இதைக் கவனித்ததே இல்லை.

இதற்குக் காரணம் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1885-ல். படியில் அரிசியைக் குலுக்கிக் குலுக்கி அளந்தால் மணிகள் இடைவெளி இல்லாமல் இறுகி உட்காரும். அலையும் மணலை அப்படித்தான் தட்டித் தட்டி அடுக்கி வைத்திருக்கிறது. பாதம் அழுத்தும்போது, இதற்குமேல் நெருங்க வழியில்லாத மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி பெரிதாகிறது. பெரிதான இடைவெளிக்குள் தண்ணீர் இறங்குகிறது. மேற்பரப்பு வறண்டு தெரிகிறது.

இருட்டும்வரை மிதித்துக்கொண்டே இருந்தோம். பக்கத்தில் வேறு இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள்: தேரி

திருச்செந்தூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் குதிரைமொழித் தேரி. ஆட்டோ அண்ணன் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் இறக்கிவிட்டார். அதற்கு மேல் நடை.

கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். குங்குமமும் மஞ்சளும் கலந்து குவித்தது போல மேடு மேடாக மணல். பனையும் வடலியும் கொல்லாமரமும் ஆங்காங்கே. காற்று இதையெல்லாம் கொண்டுவந்து குவித்திருக்கிறது. இன்றைக்கும் ஆடிக்காற்று அடிக்கும்போது மேடுகளின் முகம் மாறும் என்று ஆட்டோ அண்ணன் சொன்னார். இந்தத் தேரிகளில் குவார்ட்ஸிலும் செர்ட் கல்லிலும் செதுக்கிய நகக்கண் அளவு கற்கருவிகள் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. இங்கே வேட்டையாடிய மனிதர்கள் உலோகம் அறியாதவர்கள். அவர்கள் கையில் பிடித்ததும் குவார்ட்ஸ்தான்.

உட்கார்ந்து லென்ஸை எடுத்தோம். ஒவ்வொரு மணியும் செம்மண் கரைசலில் முக்கி எடுத்தது போலிருந்தது. ஒரு சிட்டிகையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் தேய்த்தாள். உள்ளங்கை செம்பட்டையானது. இப்போது லென்ஸில் பார்த்தால் சில மணிகளில் ஒரு முனை மட்டும் தோல் உரிந்து, உள்ளே நேற்று முன்தினம் காவிரியில் பார்த்த அதே கண்ணாடி. சிவப்பு முழுவதும் மேல்பூச்சு. மணலோடு வந்த இரும்புள்ள தாதுக்கள் காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து, அதிலிருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட்டாகி, குவார்ட்ஸ் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும் இரும்பும் ஆக்சிஜனும் சேரும் இதே கதைதான்.

"அப்போ இந்தச் சிவப்புலயும் ஆக்சிஜன், உள்ள இருக்கிற கண்ணாடிலயும் ஆக்சிஜனா?"

ஆமாம். குவார்ட்ஸ் என்பது ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன். மணலில் இருக்கும் அணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு, நாம் மூச்சில் இழுக்கிற அதே தனிமம். பையிலிருந்த தண்ணீரிலும் அதுதான். கொதிக்கும் மணல்மேல் உட்கார்ந்து அவளுக்கு இதைச் சொன்னபோது எனக்கே புதிதாகக் கேட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம், கையில் ஒட்டிய செந்தூளாக இருக்கும்போது வேறாகத்தான் தெரிகிறது.

அவள் அடுத்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "இருபத்தொரு வெட்டுல எந்த வெட்டு வரைக்கும் அது மணல்? எப்போ மணல் இல்லாமப் போகும்?"

யோசித்துப் பதில் சொன்னேன். குவார்ட்ஸின் அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சின்னக் கட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று சிலிக்கான், ஆறு ஆக்சிஜன், மொத்தம் ஒன்பது அணு. கோலத்தில் ஒரு சிக்கு மாதிரி. அதைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டே போனால் முழுக் கோலமும் வந்துவிடும். அந்த ஒரு சிக்கு வரை குவார்ட்ஸின் அமைப்பு இருக்கிறது. அதையும் வெட்டினால் சிலிக்கானும் ஆக்சிஜனும் தனித்தனி, பிறகு குவார்ட்ஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடினம், பளபளப்பு, கையில் நறநறப்பது எல்லாம் அதற்கு வெகு முன்பே போய்விடும். அவை கூட்டத்தின் குணங்கள். தனி அணுவுக்கு நறநறப்பு கிடையாது.

திரும்பும் வழியில் ஒரு பெரியவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். "நல்லாக் குடி தாயி, வெயிலு மண்டையப் பொளக்கு," என்றார். கோயில் பக்கத்துச் சுனையில் இந்தக் கோடையிலும் தண்ணீர். இவ்வளவு மணலுக்கு நடுவில் எப்படி என்று அவரிடம் கேட்டதற்கு, "மணலு இருக்கப் போயிதான் தண்ணி இருக்கு," என்றார். அறைக்கு வந்ததும் அவர் சொன்னதைச் சோதித்தோம். ஒரு டம்ளர் நிறைய உலர்ந்த மணல். அதற்குள் தண்ணீரை ஊற்றினால், மணல் மட்டம் ஏறாமலே டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டது. தேரி மேடு முழுவதும் அப்படி ஒரு டம்ளர். பெய்த மழையை வெயிலுக்குக் காட்டாமல் உள்ளே வைத்துக்கொள்கிறது.

நான்காம் நாள்: கன்னியாகுமரி

குலசேகரப்பட்டினம், மணப்பாடு, உவரி வழியாகக் கடற்கரையை ஒட்டியே பஸ். கூடங்குளத்தைத் தாண்டும்போது தூரத்தில் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தெரிந்தன. "அங்கேயும் அணுவை வெட்டுறாங்களா?" என்றாள். வெட்டுவதுதான், ஆனால் அது யுரேனிய அணுவின் நடுவில் இருக்கும் உட்கரு. நம் இருபத்தொரு வெட்டுக்கும் வெகு கீழே. அந்த அணுவின் அகலத்தில் உட்கரு சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். அதற்கு இன்னும் ஒரு பதினான்கு வெட்டு வேண்டும்.

குமரி முனையில் வண்ணமணல் பொட்டலம் விற்கும் பாட்டி ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "ஏழு நெறம் மக்ளே, பாரு." அம்மனுக்கு நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனதும், சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்ற கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். அரிசி இது, பருப்பு இது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பொட்டலம் ஒன்று வாங்கினோம்.

பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து பிரித்தெடுத்த காந்தம் ஒன்று கொண்டுவந்திருந்தேன். சாதாரணக் காந்தத்தைவிட மிக வலுவானது. அதைப் பாலித்தீன் பையில் சுற்றி (சுற்றாவிட்டால் ஒட்டிய தூளைப் பிரித்தெடுக்கவே முடியாது) கரையிலிருந்த கறுப்புப் பட்டையின்மேல் நகர்த்தினோம். கறுப்பு மணிகள் எழும்பி வந்தன. அவை இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இந்தக் கன்னங்கரிய மணலிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டையாக்சைடுதான் வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தருகிறது. மாதுளை முத்து போலிருந்தவை கார்னெட். உப்புத்தாளில் ஒட்டித் தேய்ப்பதற்கும் அது போகிறது. நிறமில்லாமல் வைரம்போல மின்னியவற்றில் ஜிர்கான் இருக்கும். பாட்டியின் அரிசி பெரும்பாலும் குவார்ட்ஸும் தேய்ந்த கிளிஞ்சலும்.

எதற்கு இவையெல்லாம் தனித்தனிப் பட்டையாகக் கரையில் படிகின்றன? என் ஆத்தா அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சட்டியின் உள்ளே வரிவரியாக இருக்கும். தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சாய்க்கும்போது அரிசி தண்ணீரோடு போகும், கல் வரியில் தங்கிவிடும். அலையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வரும்போது வேகமாக எல்லாவற்றையும் தூக்கி வருகிறது. போகும்போது வேகம் குறைவு, இலேசானதை மட்டும் இழுத்துப்போகிறது. குவார்ட்ஸ் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். கார்னெட் நான்கு மடங்கு, இல்மனைட்டும் ஜிர்கானும் நாலரைக்கு மேல். கனமானவை கரையிலேயே தங்கிவிடுகின்றன.

கார்னெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். இது கடலில் பிறந்ததல்ல. இந்தப் பக்கத்து மலைகளில் இருக்கும் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அந்த வேக்காட்டில் முளைத்த படிகம்தான் கார்னெட். அப்போது இந்தக் கரையும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒரே கண்டமாக ஒட்டிக் கிடந்தன. பின்னால் பிரிந்து போன பிறகும் மணல் மறக்கவில்லை. இலங்கையில் புல்மோட்டைக் கரையிலும் இல்மனைட்டும் ஜிர்கானும் இதேபோலக் கறுத்துப் படிகின்றன.

ராத்திரி அறையில் ஒரு கணக்கு. அரை மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணி ஒன்றில் எத்தனை அணு? அதன் எடையையும் அவகாட்ரோ எண்ணையும் வைத்துப் போட்டால் 52,000 கோடி கோடி வருகிறது. எண்ணாகச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, மெரினாவை எடுத்துக்கொள்வோம் என்றேன். ஆறு கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மணல் என்று வைத்துக்கொண்டால், மொத்த மணிகளைப்போல நூற்றைம்பது மடங்கு அணுக்கள் ஒரே ஒரு மணிக்குள் இருக்கின்றன. நூற்றைம்பது மெரினா ஒரு மணிக்குள். உலகத்தில் இருக்கும் 800 கோடிப் பேரும் தூங்காமல் நொடிக்கு ஒன்று என்று எண்ணினாலும் இருபது வருடம் ஆகும்.

"அப்போ நான் முப்பது வயசாயிருப்பேன்," என்றாள், மிகவும் கவலையாக.

ஐந்தாம் நாள்: மணவாளக்குறிச்சி, முட்டம்

நாகர்கோவிலிலிருந்து பஸ். மணவாளக்குறிச்சி சின்ன ஊர்தான், ஆனால் உலக வேதியியலில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1909-ல், அப்போது திருவிதாங்கூரில் இருந்த இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் மணிகளைக் கண்டார் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அது மோனசைட். உடனே இங்கே வந்து ஆலை வைத்தார். காரணம், விளக்கு. பெட்ரோமாக்ஸில் கட்டும் மேன்டில் வலை அந்தப் பிரகாசத்தோடு எரிவதற்குத் தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டது. தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் தாத்தா பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துப் பிடித்து நடந்தது என் நினைவில் இருக்கிறது. அந்த வெளிச்சம் இந்த மாதிரி ஒரு மணலிலிருந்து வந்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால்! சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல், இந்திய அருமண் நிறுவனம் தொடங்கியது. அதன் ஆலை இன்றும் இங்கே இருக்கிறது.

அந்த மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக்தான் 1885-ல் நியோடிமியம் என்ற தனிமத்தையும் முதலில் பிரித்தெடுத்தார். என் பையிலிருக்கும் ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் இருப்பது அதே நியோடிமியம். அது கிடைக்கும் தாதுக்களில் மோனசைட்டும் ஒன்று. நேற்றெல்லாம் மணலைப் பொறுக்கிய காந்தமும் ஒரு காலத்தில் மணலாகவோ பாறையாகவோ கிடந்ததுதான்.

மணலை அள்ளுவது பற்றி இந்தக் கரையோர ஊர்களில் நெடுநாளாகக் கோபமும் பயமும் இருக்கின்றன. கரை அரிக்கிறது, நோய் வருகிறது என்று டீக்கடையில் பேச்சைத் தொடங்கினாலே சொல்கிறார்கள். தனியார் தாதுமணல் அள்ள 2013-ல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. இந்தக் கரையில் இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அவர்கள் கேட்கும் கேள்விக்கு நேரான, பொறுமையான பதில் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவதால் நாங்கள் எதையும் எடுத்துப்போவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம்.

மாலை முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள், நடுவில் கொஞ்சம் மணல். கறுப்புப் பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் பரப்பினோம். தேன் நிறத்தில், உருண்டையாக, மெழுகு தடவியது போல ஒரு மணி. அதைக் குண்டூசி முனையால் தனியாக ஒதுக்கினாள். மோனசைட்டின் சாடை அப்படியே இருந்தது.

அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். இந்தக் கரை மோனசைட்டில் நூற்றில் எட்டுப் பங்காவது தோரியம். இந்த ஒரு மணியில் நாற்பது கோடி கோடி தோரியம் அணுக்கள் தேறும். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி உடைந்துபோக ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் படிகம் உறைந்தபோது உள்ளே வந்த தோரியத்தில் நூற்றுக்கு மூன்றுகூட இன்னும் உடையவில்லை. அவ்வளவு மெதுவாக உடைவது. இருந்தாலும் அணுக்கள் அத்தனை இருப்பதால், சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இந்த மணிக்குள் ஒரு தோரியம் அணு உடைகிறது. உடையும்போது ஒரு ஹீலியம் உட்கருவைத் துப்புகிறது. பிறகு படிப்படியாக உடைந்து, கடைசியில் ஈயமாக நின்றுவிடுகிறது. துப்பப்பட்ட ஹீலியம் மணலுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். 1908-ல் காமர்லிங் ஓனஸ் முதன்முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, அந்த வாயுவை மோனசைட் மணலைச் சூடாக்கித்தான் எடுத்தார்.

நான்கு நாளாகக் கோடி கோடியாகப் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது முதல்முறையாக ஓர் அணு. ஒன்றே ஒன்று.

போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுத் தாளின் ஓரத்தில் வைத்தாள். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தத் தேன்நிற மணியையே பார்த்தோம். காற்று தாளைத் தூக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். 2:25 வந்ததும் "இப்போ!" என்று கத்தினாள்.

அப்படிச் சரியாக நேரம் பார்த்து உடையாது என்று விளக்கினேன். சில சமயம் பத்து நொடியில் இரண்டு உடையும், சில சமயம் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. சராசரிதான் இரண்டரை நிமிடம். ஓர் அணு கிழடாகி உடைவதில்லை. நேற்று உடையாததால் இன்று உடையப்போகிறது என்றும் இல்லை.

"பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு அணு இருந்தா, எது முதல்ல உடையும்னு யார் முடிவு பண்றது?"

யாரும் இல்லை. உள்ளே அதற்கான கடிகாரமோ காரணமோ எதுவும் இல்லை. இயற்கை அப்படித்தான் இருக்கிறது என்றுதான் குவாண்டம் இயற்பியல் சொல்கிறது. இதை முதலில் கேட்டபோது பெரிய பெரிய ஆட்களுக்கே ஒப்பவில்லை என்றேன். அவளுக்கும் ஒப்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாட்சைத் திரும்பப் பூஜ்யத்தில் வைத்து மறுபடி குனிந்துகொண்டாள்.

வெளிச்சம் போகும்வரை இருந்தோம். பிறகு தாளை இரண்டாக மடித்து, அலை வந்து தொடும் இடத்தில் அவளே தட்டிவிட்டாள். காவிரி மணலையும் ஒரு தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள், எனக்குத் தெரியாமல். அதையும் அங்கேயே கொட்டலாமா என்று கேட்டாள். கொட்டச் சொன்னேன். கடைசி நாகர்கோவில் பஸ் ஏழரைக்கு.